கேள்வி பதில்: பைட்டைப் பிரித்து மேய்வது எப்படி?

போன இதழில், "எந்தப் புரோகிராமும் கடைசியில் எண்களின் வரிசைதான், டிஸ்அசெம்ப்ளர் ஒன்று கையில் இருந்தால் அந்த எண்களைத் திரும்பக் கட்டளைகளாகப் படிக்கலாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. போன் சூடாகிறது, வைஃபை பிடிக்கவில்லை என்று எழுதியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை முழுக்க இதுதான்.

கேள்வி: சேர், நான் உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கிறேன். பொறிமொழி என்றால் 0, 1 என்று படித்தோம். அதைத் திரும்பக் கட்டளையாக மாற்ற ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு 'இஃப்' எழுத வேண்டுமா? 'டேபிள் டிரிவன்' டிஸ்அசெம்ப்ளர் என்று ஓரிடத்தில் பார்த்தேன், வாசித்தும் விளங்கவில்லை.
– மாணவி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, 'இஃப்' எழுதியும் செய்யலாம். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். பாதியிலேயே ஆயிரம் வரியைத் தாண்டிவிட்டது, ஓரிடத்தில் பிழையைத் திருத்தினால் வேறு இரண்டு இடத்தில் உடையும், கடைசியில் வெறுத்துப்போய் மொத்தத்தையும் அழித்தேன். அட்டவணை வழி இதற்கு நேர் எதிர். கட்டளைகளைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் ஓர் அட்டவணையில் தரவாக எழுதி வைத்துவிட வேண்டும். அதைப் பார்த்து நடக்கிற ஒரு சின்னச் சுற்றை மட்டும் புரோகிராமாக எழுத வேண்டும். அந்தச் சுற்றுக்குக் கூட்டலும் தெரியாது, கழித்தலும் தெரியாது. ஒரு பைட்டைப் படி, அட்டவணையில் அந்த எண் உள்ள வரிசைக்குப் போ, அங்கே எழுதியிருப்பதைச் செய், திரும்ப வா. அவ்வளவுதான் அதன் அறிவு.

உதாரணத்துக்கு இன்டெலின் 8086ஐ எடுப்போம். 1978இல் வந்தது, உங்கள் பாடசாலையில் இருக்கிற மேசைக் கணினி அநேகமாக அதன் பேரப்பிள்ளையாகத்தான் இருக்கும். கையேடுகள் எல்லாம் பதினறும எண்ணில் எழுதும். நான் வேண்டுமென்றே எண்மத்தில் (0 முதல் 7 வரை எட்டு இலக்கம் மட்டும்) எழுதுகிறேன், "இந்தக் காலத்தில் எண்மமா" என்று உங்கள் ஆசிரியர் சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு பைட்டின் எட்டு பிட்டை 8086 பெரும்பாலான இடங்களில் 2, 3, 3 என்று பிரித்துத்தான் பயன்படுத்துகிறது. பதினறுமம் அதே பைட்டை 4, 4 என்று வெட்டும், தையலைப் பிரிக்காமல் துணியின் நடுவில் கத்தரியைப் போடுகிற மாதிரி. எண்மத்தில் ஒரு பைட் மூன்று இலக்கம், முதலாவது 0 முதல் 3 வரை, மற்ற இரண்டும் 0 முதல் 7 வரை. தையல் வெளியே தெரியும்.

இரண்டு வரிசைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரெஜிஸ்டர்கள் (சிப்புக்குள்ளேயே எண்களை வைத்துக்கொள்கிற சின்ன அறைகள்): ஏஎக்ஸ் 0, சிஎக்ஸ் 1, டிஎக்ஸ் 2, பிஎக்ஸ் 3, எஸ்பி 4, பிபி 5, எஸ்ஐ 6, டிஐ 7. (பிஎக்ஸ் ஏன் நாலாவதாகப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள், மனப்பாடம் செய்துவிடுங்கள்.) அடுத்தது கணக்கு வேலைகள்: கூட்டல் 0, 'ஆர்' 1, மிச்சம் சேர்த்துக் கூட்டல் 2, கடன் சேர்த்துக் கழித்தல் 3, 'ஆண்ட்' 4, கழித்தல் 5, 'எக்ஸ்ஆர்' 6, ஒப்பிடல் 7.

இப்போது இந்தப் பதின்மூன்று பைட்டைப் பாருங்கள்:

125 211 345 203 354 020 270 005 000 211 354 135 303

சுற்று முதலில் 125ஐப் படிக்கிறது. அட்டவணையில் 120 முதல் 127 வரை எட்டு வரிசையிலும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கும்: "புஷ், கடைசி இலக்கம் ரெஜிஸ்டர்". கடைசி இலக்கம் 5, ஆகவே 'புஷ் பிபி'. முடிந்தது, வேறு பைட் எதையும் அந்த வரிசை கேட்கவில்லை.

அடுத்து 211. அந்த வரிசையில் "மூவ்" என்ற பெயரும் இரண்டு குறிகளும் இருக்கும். இன்டெலின் கையேட்டில் அந்தக் குறிகளை 'ஈ', 'ஜி' என்ற எழுத்துகளால் எழுதுவார்கள். 'ஈ' என்றால், அடுத்த பைட்டை எடு, அதன் முதல் இலக்கத்தையும் கடைசி இலக்கத்தையும் சேர்த்துப் பார், அதுதான் இடம் என்று பொருள். 'ஜி' என்றால் அதே பைட்டின் நடு இலக்கம் சொல்கிற ரெஜிஸ்டர். அடுத்த பைட் 345. முதல் இலக்கம் 3 என்பதால் நினைவகம் இல்லை, ரெஜிஸ்டர்தான். கடைசி 5, நடு 4. ஆகவே 'மூவ் பிபி, எஸ்பி'. முதல் இலக்கம் 0, 1, 2 ஆக இருந்திருந்தால் நினைவக முகவரி என்று அர்த்தம், 1 என்றால் பின்னால் இன்னும் ஒரு பைட் தூரம் வரும், 2 என்றால் இரண்டு பைட் வரும், 0 என்றால் தூரம் எதுவும் வராது. அதிலும் கடைசி இலக்கம் 6 ஆக இருந்தால் மட்டும் நேரடி முகவரியாக இரண்டு பைட் வரும் என்று ஒரு விதிவிலக்கு. இப்படி ஒன்றிரண்டு விதிவிலக்கு இல்லாத சிப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

203தான் சுவாரசியமானது. அந்த வரிசையில் பெயரே இருக்காது. "இது ஒரு குழு, பெயர் அடுத்த பைட்டின் நடு இலக்கத்தில் இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருக்கும். அடுத்த பைட் 354, நடு இலக்கம் 5, மேலே சொன்ன வரிசையில் 5 என்றால் கழித்தல். கடைசி இலக்கம் 4, எஸ்பி. அப்புறம் ஒரு பைட் எண் வேண்டும் என்று வரிசை கேட்கிறது, 020 வருகிறது, அது பதினாறு. 'சப் எஸ்பி, 16'. 270 என்றால் "கடைசி இலக்க ரெஜிஸ்டரில் இரண்டு பைட் எண்ணைப் போடு", சின்ன பைட் முதலில் வரும் என்பதால் 005 000 என்பது வெறும் 5. 'மூவ் ஏஎக்ஸ், 5'.

இனி 211 354. 'மூவ் எஸ்பி, பிபி'. இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இதே 354 சற்று முன்னால் வந்தபோது அதன் நடுவில் இருந்த 5 "கழித்தல்" என்று பொருள் தந்தது, இப்போது அதே 5 "பிபி" என்கிறது. பைட் மாறவில்லை, அதைக் கூப்பிட்ட வரிசை மாறிவிட்டது. நம் தேயிலைத் தொழிற்சாலைப் பெட்டிகளில் எஃப்பிஓபிஎஃப் என்று தேயிலையின் தரம் அச்சடித்திருக்குமே, முதலில் வருகிற எஃப் 'ஃபிளவரி', கடைசியில் வருகிற எஃப் 'ஃபேனிங்ஸ்'. எழுத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு "எஃப் என்றால் என்ன" என்று கேட்டால் தொழிற்சாலையில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், எந்த எஃப் என்று திருப்பிக் கேட்பார்கள்.

மிச்சம் 135 'பாப் பிபி', 303 'ரெட்'. ஏழு கட்டளை. ஒரு கட்டளை எத்தனை பைட் நீளம் என்று நாம் எங்கேயும் எழுதி வைக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? குறிகள் கேட்கக் கேட்க பைட் செலவாகிறது, கேட்பது நின்ற இடத்தில் கட்டளை முடிகிறது, நீளம் தானாக வருகிறது. 'இஃப்' வழியில் நான் தடுக்கி விழுந்தது இங்கேதான், நீளத்தை ஒவ்வொரு கட்டளைக்கும் கையால் எழுதப் போய் எங்கோ ஒன்றில் தவறு செய்தேன்.

ஆக, அடிப்படை அட்டவணைக்கு 256 வரிசை போதும். 017 என்ற பைட் வந்தால் இரண்டாவது அட்டவணைக்குப் போ என்று பொருள். 8086இல் அந்த எண் 'பாப் சிஎஸ்' என்ற, யாருக்கும் உதவாத ஒரு கட்டளையாகக் கிடந்தது, பின்னால் வந்த சிப்கள் அதைப் புதுக் கட்டளைகளுக்கு வாசலாக்கிக்கொண்டன. கட்டளைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வருகிற முன்னொட்டு பைட்களும் உண்டு. 64 பிட் வந்தபோது, அதுவரை ஒன்று கூட்டு, ஒன்று குறை என்று வேலை பார்த்துக்கொண்டிருந்த 100 முதல் 117 வரையான பதினாறு எண்ணையும் பிடுங்கி முன்னொட்டாக்கிவிட்டார்கள். ஆகவே 32 பிட்டுக்கு ஒரு வரிசை, 64 பிட்டுக்கு வேறு வரிசை. எவ்வளவு நீட்டினாலும் ஒரு கட்டளை 15 பைட்டைத் தாண்டக்கூடாது. லினக்ஸில் 'ஆப்ஜ்டம்ப்' என்று ஒரு கருவி இருக்கிறது, அதன் மூலநிரலைத் திறந்து பாருங்கள், 256 வரிசை அட்டவணை அப்படியே இருக்கும், அதே 'ஈ', 'ஜி' எழுத்துகளோடு.

நான் இந்த அட்டவணையைப் பதினாறுக்குப் பதினாறு கட்டமாக அச்செடுத்துப் படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த காலத்தில், அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் மெதுவாக "யாரு எழுதிக் கொடுத்த கட்டம்டா இது, எதுக்குப் பண்ணின?" என்று கேட்டார். செய்வினை என்று நினைத்துவிட்டார் போல.

கேள்வி: ஐயா, நடுவில் ஒரு பைட்டை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து படிக்க ஆரம்பித்தால் டிஸ்அசெம்ப்ளர் "பிழை" என்று சொல்லுமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: சொல்லாது, அதுதான் தொல்லை. மேலே உள்ள அதே பதின்மூன்றில் மூன்றாவது பைட்டான 345இலிருந்து ஆரம்பியுங்கள். 345 203 என்பது 131ஆம் வாயிலிலிருந்து ('போர்ட்', எண்ம 203 வழக்கமான எண்ணில் 131) ஏஎக்ஸுக்கு எடு என்ற சரியான கட்டளை. அடுத்த 354, டிஎக்ஸ் காட்டுகிற வாயிலிலிருந்து ஏஎல்லுக்கு (ஏஎக்ஸின் கீழ்ப் பாதி) எடு என்பது, அதுவும் சரியான கட்டளை. அப்புறம் 020 270 005 000 நான்கும் சேர்ந்து, நினைவகத்தில் பிஎக்ஸ், எஸ்ஐ, 5 மூன்றையும் கூட்டி வருகிற இடத்தோடு பிஹெச்சை (பிஎக்ஸின் மேல் பாதி) மிச்சம் சேர்த்துக் கூட்டு என்று ஒரு நீளமான உளறல். இலக்கணப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. எழுதியவர் நினைத்தது இதில் ஒன்றுகூட இல்லை.

ஆனால் வேடிக்கை என்னவென்றால் அதற்கடுத்து வருவது 211 354, உண்மையான கட்டளை. மூன்று பொய்க் கட்டளைக்குப் பிறகு வண்டி தானாகத் தண்டவாளத்தில் ஏறிவிட்டது. 8086 வகையில் இது அடிக்கடி நடக்கும், கொஞ்ச தூரம் உளறிவிட்டுச் சரியாகிவிடும், அதனாலேயே பலர் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். தொடக்கத்திலிருந்து ஒரே நேராகப் படித்துக்கொண்டே போகிற கருவிகளுக்கு (ஆப்ஜ்டம்ப் அப்படித்தான்) இந்த ஆபத்து எப்போதும் உண்டு. இன்னொரு வகை, புரோகிராம் தொடங்குகிற இடத்தில் நுழைந்து, தாவல்களும் அழைப்புகளும் எங்கே போகின்றனவோ அங்கே மட்டும் பின்தொடர்ந்து படிக்கும். அது மெதுவானது, ஆனால் கண்ணியமானது. அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை 2019இல் இலவசமாக வெளியிட்ட கிட்ரா இந்த வகை. அதில் ஒவ்வொரு சிப்பின் கட்டளை வடிவமும் 'ஸ்லே' என்ற விவரிப்பு மொழியில் தனிக் கோப்பாக இருக்கும், புதுச் சிப் வந்தால் கோப்பு எழுதினால் போதும். அட்டவணை யோசனையைக் கடைசி வரை கொண்டுபோனால் அங்கேதான் நிற்கும்.

கேள்வி: அண்ணா, நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின் வேலை பார்க்கிறேன். கொழுந்து நிறுக்கிற பழைய மின் தராசு ஒன்று கழித்துப் போட்டது கிடைத்தது. மூட்டைக் கழிவு என்று ஒவ்வொரு நிறுவைக்கும் அது தானாகவே ஏதோ கழிக்கிறது என்று கொழுந்து எடுக்கிற அக்காமார் ரொம்ப நாளாகச் சொல்வார்கள். உள்ளே 8051 வகைச் சிப். நண்பர் ஒருவர் அதன் நினைவகத்தைக் கோப்பாக எடுத்துக் கொடுத்தார். டிஸ்அசெம்ப்ளரில் போட்டால் நன்றாக வந்துகொண்டிருந்து, ஓரிடத்தில் அர்த்தமே இல்லாமல் போய், திரும்பச் சரியாகிறது. கோப்பு பழுதா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: கோப்பு பழுதாக இருக்காது தம்பி. இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான்.

8051, இன்டெல் 1980இல் கொண்டுவந்தது. அட்டவணை போடுவதற்கு அதைவிட லேசான சிப் கிடையாது. முதல் பைட்டிலேயே கட்டளை தெரிந்துவிடும், குழு, முன்னொட்டு, இரண்டாவது அட்டவணை என்று எதுவும் இல்லை, நீளம் ஒன்று முதல் மூன்று பைட். 256 எண்ணில் 245 (பைட்களை இங்கேயும் எண்மத்தில்தான் எழுதுகிறேன்) என்ற ஒன்றே ஒன்றுதான் காலி, மிச்சம் 255க்கும் பொருள் உண்டு. உங்கள் தொல்லைக்குக் காரணமும் அதேதான். எதைக் கொட்டினாலும் அதற்குக் கட்டளையாகத்தான் தெரியும், அரிசியில் கல் கிடந்தாலும் அரிசி என்றே எண்ணும்.

அந்த அர்த்தமில்லாத இடத்தில் டிஸ்அசெம்ப்ளர் சொன்னதை விட்டுவிட்டு பைட்களை மட்டும் பாருங்கள். 077 006 133 117 146 155 175 007 177 157 என்று பத்து எண் வரிசையாக இருக்கிறதா? இருந்தால் அது கட்டளை இல்லை. தராசின் முகப்பில் ஏழு துண்டு விளக்கில் எண் எரிகிறதே, 0 முதல் 9 வரை எந்தெந்தத் துண்டு எரிய வேண்டும் என்ற பட்டியல். 077இல் ஆறு பிட் ஒன்றாக இருக்கும், பூச்சியத்துக்கு ஆறு துண்டு. 006இல் இரண்டு, ஒன்று என்ற எண்ணுக்கு இரண்டு துண்டு. 177இல் ஏழும், அதுதான் எட்டு. விளக்கின் மின் இணைப்பை மறுமாதிரி கொடுத்திருந்தால் ஒன்றெல்லாம் பூச்சியமாகி, பூச்சியமெல்லாம் ஒன்றாகி 300 371 244 என்று தொடங்கும். முதலில் சொன்ன 077 பட்டியலையே கட்டளையாகப் படித்தால் "ஆர்7ஐ மிச்சத்தோடு கூட்டு, ஆர்0 காட்டுகிற இடத்தில் ஒன்று கூட்டு, ஆர்3உடன் 'ஆண்ட்' செய்" என்று ஒரு குறையும் இல்லாமல் வரும். கடைசி நான்கு பைட் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஆர்5இல் 7ஐப் போடும், ஆர்7இல் 111ஐப் போடும்.

உறுதி செய்ய ஒரு வழி உண்டு. 223 என்ற பைட்டைத் தேடுங்கள், அது புரோகிராம் நினைவகத்திலிருந்து தரவை எடுக்கிற கட்டளை. அதற்குச் சற்று முன்னால் 220 இருக்கும், பின்னால் இரண்டு பைட் முகவரி. இந்தச் சிப்பில் பெரிய பைட் முதலில் வரும், 8086க்கு மாறாக. அந்த முகவரி உங்கள் பத்து எண் தொடங்குகிற இடத்தைக் காட்டினால் விஷயம் முடிந்தது, அந்தப் பத்தையும் தரவு என்று குறித்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள்.

இனி கழிவு. 8051இல் வெறும் கழித்தல் கிடையாது, கடன் சேர்த்துக் கழிப்பதுதான் உண்டு. ஆகவே கழிப்பதற்கு முன்னால் கடன் பிட்டை அழித்துவிடுவார்கள். அழிப்பது 303, ஒரு நிலையான எண்ணைக் கழிப்பது 224. 303 224 என்று அடுத்தடுத்து வந்து அதன் பின்னால் ஓர் எண் இருக்கிற இடங்களை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். (303 என்பது மேலே தங்கச்சிக்குச் சொன்ன சிப்பில் 'ரெட்', இங்கே கடன் அழித்தல். அட்டவணையை மாற்றிப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வது எல்லோருக்கும் நடக்கும்.) அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்றால் உடனே "கழிவே இல்லை" என்று அக்காமாரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். கழிக்கிற எண் ரெஜிஸ்டரில் இருந்தால் கட்டளை 230 முதல் 237 வரை வரும், அந்த எண்ணை யாராவது பொத்தானை அமுக்கித் தனி நினைவகத்தில் போட்டிருக்கலாம், அப்படியானால் புரோகிராமில் அதன் மதிப்பு தெரியவே தெரியாது, கழிக்கிற இடம் மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று, 205 என்ற கட்டளை ஒரு நினைவக இடத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும். எழுதும்போது போகிற இடம் முதலில், வருகிற இடம் அடுத்தது. பைட்டாக இருக்கும்போது மட்டும் தலைகீழ், வருகிற இடம்தான் முதலில். சில சின்ன இலவச டிஸ்அசெம்ப்ளர்களில் இதைத் தப்பாகச் செய்திருப்பார்கள், கையால் ஒன்றைப் பிரித்துச் சரிபாருங்கள்.

படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாற்றி எழுதி வேலையில் இருக்கிற தராசில் போடுகிற யோசனை வேண்டாம். அந்தத் தராசின் எண்ணில்தான் ஒரு நாள் கூலி போகிறது, நல்ல எண்ணத்தோடு கை வைத்தாலும் பழி உங்கள் மேல்தான் விழும்.

கேள்வி: வணக்கம் சேர். ஆர்டுயினோ ஊனோவுக்கு நானே பைத்தனில் டிஸ்அசெம்ப்ளர் எழுதுகிறேன். ஒரு கட்டளை 16 பிட், ஆகவே அட்டவணை 65,536 வரிசையா? இன்னொன்று, நான் 'செர் ஆர்24' என்று எழுதிய இடத்தில் என் டிஸ்அசெம்ப்ளர் 'எல்டிஐ ஆர்24, 255' என்று காட்டுகிறது. எங்கே பிழை?
– மாணவர், நுவரெலியா

பதில்: 65,536 வரிசை போட்டாலும் இன்றைய கணினி தாங்கும், ஆனால் அதை யார் தட்டச்சு செய்வது? இந்த மாதிரிச் சிப்களுக்கு அட்டவணையில் எண்ணை எழுதாமல் அச்சை எழுதுவார்கள். வரிசைக்கு இரண்டு எண்: எந்தெந்த பிட்டைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று (மாஸ்க்), பார்த்த பிட்கள் எப்படி இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. 'எல்டிஐ'க்கு முதல் நான்கு பிட்டை மட்டும் பார்த்தால் போதும், அவை 1110 ஆக இருக்க வேண்டும். மிச்சம் பன்னிரண்டில் நடு நான்கு ரெஜிஸ்டர், அதற்கு இரண்டு பக்கமும் இருக்கிற நான்கு நான்கும் சேர்ந்து எண். உங்கள் 1110 1111 1000 1111ஐப் பிரித்தால் நடுவில் 8, இந்தக் கட்டளை 16இலிருந்துதான் எண்ணத் தொடங்கும் என்பதால் ஆர்24. இரு பக்கமும் 1111, 1111, அதாவது 255.

நம் இலங்கை அடையாள அட்டை எண்ணை வாசிப்பதும் இதே வேலைதான். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 84 623 என்று தொடங்கினால் 1984இன் 123ஆவது நாள் பிறந்த பெண். 2016இலிருந்து வருகிற 12 இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கம், ஆகவே எந்த வகை அட்டை என்று முதலில் பார்க்காமல் இலக்கத்தைப் பிரிக்கப் போனால் பிறந்த வருடம் 19 என்று வரும்.

இரண்டாவது கேள்விக்கு: பிழை எங்கேயும் இல்லை. 'செர்' என்று தனிக் கட்டளை அந்தச் சிப்பில் கிடையாது, ரெஜிஸ்டரில் 255ஐப் போடுகிற 'எல்டிஐ'க்கு வைத்த செல்லப் பெயர் அது. இரண்டு வரிசையின் அச்சிலும் உங்கள் எண் பொருந்தும், அட்டவணையில் எது முன்னால் இருக்கிறதோ அது வெல்லும். 'செர்' காட்ட வேண்டும் என்றால் அதை மேலே ஏற்றுங்கள், அதிகம் பிட் பார்க்கிற வரிசை எப்போதும் குறைவாகப் பார்க்கிறதற்கு முன்னால் வர வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் சிப்பில் 'ஒன்றும் செய்யாதே' என்ற கட்டளையும் இப்படித்தான், உண்மையில் அது பூச்சியத்தோடு பூச்சியத்தைக் கூட்டிப் பூச்சிய ரெஜிஸ்டரிலேயே போடுகிற கூட்டல். பெரிய கருவிகளில் இந்த வரிசைப்படுத்தலை மனிதர் செய்வதில்லை, எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுதி தன் விவரிப்புக் கோப்புகளிலிருந்து அட்டவணையைத் தானே உருவாக்கிக்கொள்கிறது, கேப்ஸ்டோன் என்ற நூலகமும் அதன் மேல்தான் நிற்கிறது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். எல்லாக் கட்டளையும் 16 பிட் இல்லை. தாவல், அழைப்பு, நினைவகத்திலிருந்து எடுப்பது, வைப்பது என்று நான்குக்கு இன்னொரு 16 பிட் பின்னால் வரும். அதை விழுங்காமல் போனால் பண்டாரவளைக்காரருக்குச் சொன்ன கதைதான்.

கேள்வி: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: வைரஸ்களைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கும், பழைய இயந்திரங்களைத் திரும்ப ஓட வைப்பவர்களுக்கும் தினசரி வேலையே இதுதான். ஆனால் இது மட்டும் தெரிந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கேள்வி: அண்ணா, 8086க்கு நான் எழுதிய டிஸ்அசெம்ப்ளரில் கட்டளை எல்லாம் சரியாக வருகிறது, தாவுகிற முகவரி மட்டும் சில இடத்தில் 2, சில இடத்தில் 3 குறைவாக வருகிறது. பின்னால் தாவ வேண்டியது சிலவேளை எங்கோ முன்னால் போகிறது.
– வாசகி, பதுளை

பதில்: 2, 3 என்று எழுதினீர்களே, உங்கள் தாவல் கட்டளைகளின் நீளம்தான் அது. தூரத்தைக் கட்டளை தொடங்குகிற இடத்திலிருந்து கூட்டுகிறீர்கள், கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்திலிருந்து கூட்ட வேண்டும். தூரக் குறியைக் கையாளுகிற சின்னச் செயல்பாட்டில், பைட்டைப் படித்து முடித்த பிறகு இருக்கிற இடத்தோடு கூட்டினால் தானாகச் சரியாகிவிடும், வேறு எங்கேயும் கை வைக்க வேண்டியதில்லை. முன்னால் போவது வேறு கோளாறு: ஒரு பைட் தூரத்தில் 200 முதல் 377 வரை எல்லாம் எதிர் எண், நீங்கள் நேர் எண்ணாகப் படிக்கிறீர்கள். 353 376ஐக் கொடுத்துச் சோதியுங்கள். 376 என்றால் இரண்டு பின்னால், கட்டளையின் நீளமும் இரண்டு, ஆகவே அது தாவுகிற முகவரி அதன் சொந்த முகவரியாகவே வர வேண்டும். அந்தக் கட்டளையை மட்டும் ஓட்டிப் பார்த்துவிடாதீர்கள், கணினி அங்கேயே நின்றுவிடும்.